ஷ்வின் ரேசர்: 26 × 1 3/8 டயர் ரிம்மில் ஏறாதது ஏன்?

அமெரிக்க ஷ்வின் நிறுவனத்தின் பழைய சைக்கிளான உங்கள் 1966 ரேசருக்கு வாங்கிய புது 26 × 1 3/8 டயர், மூன்று லிவர் (டயரை நெம்பும் கருவி) போட்டும் ரிம்மில் ஏறவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு 597 மி.மீ. டயர் வேண்டும்; இது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். கடையில் அதே 26 × 1 3/8 என்று எழுதி விற்கும் புது டயர் பெரும்பாலும் 590 மி.மீ. டயர்தான். அந்த 7 மி.மீ. வித்தியாசத்தால்தான் ஏறவில்லை. தயவுசெய்து இனியும் நெம்பாதீர்கள்; டயருக்குள் இருக்கும் கம்பி அறுந்துவிடும், ரிம்மின் குரோம் பூச்சும் கீறிப்போகும். அந்தப் பூச்சு போனால் திரும்ப வராது.

ஷ்வின் தன் ரிம்களுக்குத் தனி அளவு வைத்திருந்தது. ரிம்மைத் துடைத்துவிட்டு எஸ்-5 அல்லது எஸ்-6 என்ற முத்திரையைத் தேடுங்கள். இருந்தால், டயரின் பக்கவாட்டில் 37-597 (37 மி.மீ. அகலம், 597 மி.மீ. விட்டம்) என்று பார்த்து வாங்குங்கள். அங்குலக் கணக்கை நம்பவே வேண்டாம். எஸ்-7 என்று இருந்தால் கதை வேறு: அது 571 மி.மீ., 26 × 1 3/4. தசமத்தில் 26 × 1.75 என்று எழுதியிருப்பது 559 மி.மீ.; அதுவும் பொருந்தாது.

டியூபை மாற்ற வேண்டியதில்லை, 590-க்கு வாங்கியதே போதும்.

ஒன்று மட்டும்: இத்தனை ஆண்டுகளில் யாராவது சக்கரத்தையே மாற்றியிருக்கலாம். முன், பின் இரண்டு ரிம்களையும் தனித்தனியாகப் பாருங்கள். நீங்கள் சொன்ன, சைக்கிளின் வரிசை எண்ணின் தொடக்கமான சிபி (CB) 1966 மார்ச்சைக் குறிக்கிறது, ஆனால் அது சைக்கிள் சட்டத்தின் (ஃபிரேமின்) வயதுதான், சக்கரத்தின் வயதல்ல.