பெயரை மறைத்து வரும் மிரட்டல் மின்னஞ்சல்: யார் என்று எப்படி நிரூபிப்பது?

கேள்வி: முன்பு உடன் வேலை பார்த்தவர் ஐந்து மாதமாக ஜிமெயிலில் மடல் அனுப்பித் தொல்லை தருகிறார். 'பேச விருப்பமில்லை' என்று எழுதிவிட்டேன். பிளாக் செய்தால் வேறு முகவரியிலிருந்து வருகிறது. இப்போது பெயரே இல்லாமல், 'உன் வீடு தெரியும்' என்று மிரட்டல். அவர்தான் என்று எப்படி நிரூபிப்பேன்? - வாசகி, கோவை.

பதில்: 'பேச விருப்பமில்லை' என்று எழுதினீர்களே, அந்த மடல்தான் உங்கள் வழக்குக்கு அஸ்திவாரம். பெண் தெளிவாக மறுத்த பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயன்றால், பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 78-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை 3 ஆண்டு வரை சிறை. பெயரை மறைத்து மிரட்டியதற்கு அதே சட்டத்தின் 351(4)-இன் கீழ் கூடுதலாக 2 ஆண்டு வரை உண்டு. இனி அவருக்கு ஒரு வரிகூட எழுதாதீர்கள். கோபத்தில் திட்டி எழுதினால், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் படித்துக் காட்டுவார்.

எனக்குக் கவலை, நீங்கள் பிளாக் செய்ததுதான். பிளாக் செய்த மடல்கள் ஸ்பேமுக்குப் போகும். 30 நாளில் தானாக அழிந்துவிடும். இன்றே ஸ்பேமைத் திறந்து, இருப்பதை மீட்டுத் தனி லேபிளில் வையுங்கள். பிளாக்கை எடுத்துவிட்டு, அந்த முகவரிகளின் மடல்கள் இன்பாக்ஸுக்கு வராமல் நேரே அந்த லேபிளுக்குப் போகும்படி ஃபில்டர் போடுங்கள். கண்ணில் படாது, சாட்சியமும் போகாது. ஒவ்வொரு மடலையும் கம்ப்யூட்டரில் டவுன்லோடு செய்தும் வையுங்கள். ஃபார்வர்டு செய்தால் அசல் ஹெடர், அதாவது மடல் எந்த வழியாக வந்தது என்று காட்டும் மறைவான குறிப்பு, அதனுடன் சேர்ந்து போகாது.

அவர்தான் என்று நிரூபிப்பது போலீஸ் வேலை. ஜிமெயிலிலிருந்து வந்த மடலின் ஹெடரில் கூகுள் சர்வரின் முகவரிதான் தெரியும், அனுப்பியவரின் ஐ.பி. (அவருடைய இணைய இணைப்பின் எண்) தெரியாது. ஆகவே 'கண்டுபிடித்துத் தருகிறேன்' என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். போலீஸ் கூகுளிடம் கேட்டால் கணக்கில் நுழைந்த ஐ.பி., பதிவு செய்த போன் நம்பர் போன்ற விவரங்களைப் பெற முடியும். அந்த ஐ.பி.யை வைத்து, இணைய இணைப்பு யார் பெயரில் என்று விசாரிப்பார்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் போட்ட உத்தரவு, லாக் பதிவுகளை (யார் எப்போது இணைந்தார் என்பது போன்ற கணினிக் குறிப்புகளை) 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. உங்களுக்கு ஐந்து மாதம் ஓடிவிட்டது. இந்த வாரமே புகார் கொடுங்கள்.

கோவை சைபர் கிரைம் போலீசிலோ, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ கொடுக்கலாம். புகாரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைக் குறிப்பிடாதீர்கள். உச்ச நீதிமன்றம் 2015-இலேயே அதை ரத்து செய்துவிட்டது. புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்து அனுப்பினால், எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) கேட்டு கமிஷனருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். வீட்டுப் பக்கம் அவர் தென்பட்டால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் உடனே 112-க்குக் கூப்பிடுங்கள்.