கடிக்கும் பிள்ளைக்கு என்ன பழக்குவது?

கேள்வி: மகனுக்கு நான்கு வயது. பாலர் பள்ளியில் யாராவது விளையாட்டுச் சாமானைப் பிடுங்கினால் கையைக் கடித்துவிடுகிறான். 'சாரி சொல்லு' என்றால் சிரிக்கிறான். வீட்டில் அடம்பிடித்தால் மாமியார் கைப்பேசியைக் கொடுத்துச் சமாதானப்படுத்துகிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: முதலில் அந்தச் சிரிப்பு. அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரியவர்கள் சூழ்ந்து நின்று முறைக்கும்போது பல பிள்ளைகளுக்கு வெட்கமும் பயமும் சிரிப்பாகத்தான் வெளிவரும். 'சாரி'யை வற்புறுத்தி வாங்குவதைவிட, அவன் அடங்கியதும் கடிபட்ட பிள்ளைக்கு ஈரத்துணி எடுத்து வரச் சொல்லலாம்.

கடித்த நொடியில் அறிவுரை காதில் ஏறாது. ஆத்திரத்தை அடக்கும் மூளைப்பகுதி அந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. குனிந்து, கையால் மெல்லத் தடுத்து, "கடிக்க விடமாட்டேன். காரைப் பிடுங்கிட்டான், உனக்குக் கோபம்" என்றால் போதும். 'வலி தெரியட்டும்' என்று திருப்பிக் கடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், செய்யவே கூடாது.

பழக்க வேண்டியது அவன் அமைதியாக இருக்கும்போது. "நான் விளையாடுறேன், முடிச்சிட்டுத் தரேன்" என்று சொல்ல வையுங்கள். அங்கே பிள்ளைகள் மலாய் பேசினால் "பெலும் ஹாபிஸ்" (இன்னும் முடியல) என்பதும் வாயில் வரட்டும். வார்த்தை அகப்படாத இடத்தில்தான் பல் முந்துகிறது. பிறகு ஒரே ஒரு காரை வைத்துக்கொண்டு இருவரும் மாறி மாறி விளையாடுங்கள், தினம் ஐந்து நிமிடம். உங்கள் முறைக்கு 30 விநாடி மணி வையுங்கள். மணி அடித்ததும் காரை உடனே அவனிடம் கொடுத்துவிட வேண்டும். 'இரு, இன்னும் கொஞ்சம்' என்று இழுத்தால் காத்திருப்பதில் அவனுக்கு நம்பிக்கை போய்விடும். சுலபமாகக் காத்திருக்கிறான் என்றால் 1 நிமிடம், அப்புறம் 2. எடுத்த எடுப்பில் ஐந்து நிமிடம் வைத்துத்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கைப்பேசி கோபத்தை மறக்கடிக்கும். கோபத்திலிருந்து இறங்கப் பழக்காது. அழுதால் கிடைக்கும் என்ற கணக்கும் பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும். மாமியாரிடம் பிள்ளை முன்னால் வாதாட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுக்கும் வேலையை அவருக்குக் கொடுங்கள், அதில் அவர்தான் கெட்டிக்காரர். இந்த வயதுக்குத் திரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, தூக்கம் 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இரவு பத்துக்கு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) சாப்பிட்டுவிட்டு, காலை ஆறரைக்கு எழுப்பினால் தூக்கம் எங்கே போதும்? கடிக்கும் நாளையும் முந்தின இரவு தூங்கிய நேரத்தையும் இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள்.

அவன் பேச்சு வெளியாருக்குப் புரியவில்லை என்றால் தாமதிக்காமல் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசுச் சுகாதார நிலையம்) காட்டி, காது கேட்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று வயது மகள் தாஸ்காவில் (குழந்தைப் பராமரிப்பு நிலையம்) விடும்போது அழுகிறாள். அவள் பார்க்காத நேரத்தில் நழுவிவிடலாமா?
– ஒரு தந்தை, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: வேண்டாம். அப்பா எப்போது காணாமல் போவாரோ என்ற பயத்தில் மறுநாள் காலை இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். ஓர் அணைப்பு, தினமும் ஒரே வாக்கியம்: "மைலோ குடிச்சதும் அப்பா வந்துருவேன்." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கிளம்புங்கள். சொன்னபடி வருவது முக்கியம். ஜாலான் துன் சம்பந்தன் சாலை நெரிசலையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு வாக்குக் கொடுங்கள்.