சலரோகக் குளிசை இருக்க, கொழுப்புக் குளிசை எதற்கு?

கேள்வி: 64 வயதான எனது தந்தை சலரோகத்துக்கு மெட்போர்மினும் பியோகிளிட்டசோன் 15 மில்லிகிராமும், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டினும் எடுக்கிறார். பியோகிளிட்டசோன் நோயெதிர்ப்புக் கலங்களிலிருந்து கொழுப்பை வெளியேற்றும் புரதங்களைக் கூட்டும் என்று கனடாவிலுள்ள அண்ணா ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். அதைப் படித்த அப்பா கொழுப்புக் குளிசையை நிறுத்தப் போவதாகச் சொல்கிறார். நிறுத்தலாமா?
- வாசகி, கொக்குவில்

பதில்: நிறுத்த வேண்டாம். அண்ணா அனுப்பிய தகவல் சரியானதே. அதிலிருந்து அப்பா எடுத்த முடிவுதான் பிழை.

இரத்தக் குழாய்ச் சுவரில் தேங்கும் கெட்ட கொழுப்பை விழுங்குபவை மாக்ரோபேஜ் எனப்படும் நோயெதிர்ப்புக் கலங்கள். விழுங்கிய கொலஸ்டிரோலைச் சிதைத்தழிக்க அவற்றால் இயலாது என்பதால், கலமென்சவ்விலுள்ள ஏபிசிஏ1, ஏபிசிஜி1 ஆகிய கடத்திப் புரதங்கள் அதை வெளியே தள்ளி, நல்ல கொழுப்பான எச்.டி.எல். வழியாக ஈரலுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. அது நடவாதபோது கலம் கொழுப்பால் உப்பி, குழாயை ஒடுக்கும் படிவின் பகுதியாகிவிடுகிறது. இப்புரதங்களின் முக்கியத்துவத்தை டாஞ்சியர் நோய் காட்டுகிறது: ஏபிசிஏ1 பிறவியிலேயே பழுதான இந்த மிக அரிய நோயில், இரத்தத்தில் நல்ல கொழுப்பு ஏறக்குறைய இருப்பதேயில்லை.

பியோகிளிட்டசோன், கலத்தில் சமிக்ஞையைப் பெறும் புரதமான (ஏற்பியான) பிபிஏஆர்-காமாவைத் தூண்ட, அது எல்.எக்ஸ்.ஆர். என்னும் மற்றோர் ஏற்பியின் மூலம் இவ்விரு புரதங்களையும் பெருக்குகிறது. ஆனால் அதே பிபிஏஆர்-காமா, கொழுப்பைக் கலத்துக்குள் இழுக்கும் சிடி36 என்னும் புரதத்தையும் கூட்டுகிறது. ஆகவே வெளியேற்றும் புரதங்களை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

இன்னொன்றையும் உங்கள் தந்தைக்குச் சொல்லுங்கள். ஆய்வுகூடத்தில் வளர்த்த மாக்ரோபேஜ்களில், அடோர்வாஸ்டாட்டின் அடங்கிய ஸ்டாட்டின் வகை மருந்துகள் ஏபிசிஏ1-ஐக் குறைப்பதாகவே கண்டிருக்கிறார்கள். கலத்தினுள் கொலஸ்டிரோல் உற்பத்தி குறையும்போது எல்.எக்ஸ்.ஆரைத் தூண்டும் பொருட்களும் குறைவதே காரணம். அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் அடோர்வாஸ்டாட்டின் கெடுதலான மருந்தென்றே தோன்றும். ஆனால் மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் குறைப்பதில் ஸ்டாட்டின்களுக்கு உள்ள அளவு உறுதியான சான்று வேறு மருந்துகளுக்குக் கிடைப்பது அரிது. கலத்தில் ஒரு புரதம் ஏறுவதையோ இறங்குவதையோ வைத்து நோயாளியின் மருந்தைத் தீர்மானிக்க முடியாது.

பியோகிளிட்டசோனுக்கும் நோயாளிகளிடம் பெற்ற சான்று உண்டு. 2016இல் வெளியான ஐரிஸ் ஆய்வில், பாரிசவாதம் வந்த, இன்சுலின் எதிர்ப்புள்ள (உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாத), ஆனால் சலரோகம் இல்லாத 3876 பேரிடம் அது மீண்டும் பாரிசவாதமோ மாரடைப்போ வருவதைக் குறைத்தது. அவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே ஸ்டாட்டின் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். அதே ஆய்வில் எடை கூடுதல், வீக்கம், எலும்பு முறிவு ஆகியவையும் அதிகமாகக் காணப்பட்டன.

ஆகவே அப்பாவுக்குக் கால் வீக்கம், படுத்தால் மூச்சு வாங்குதல், திடீரென எடை கூடுதல், சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் வைத்தியரிடம் காட்டுங்கள். முன்பு இருதயச் செயலிழப்போ சிறுநீர்ப்பைப் புற்றுநோயோ இருந்திருந்தால் அதையும் அவரிடம் இப்போதே தெரிவியுங்கள். அந்நிலைகளில் பியோகிளிட்டசோனைக் கொடுப்பதில்லை. அடோர்வாஸ்டாட்டினால் தசைநோவு போன்ற தொல்லை இருந்து அதனால்தான் அப்பா நிறுத்த விரும்புகிறாரா என்பதையும் கேட்டறியுங்கள். அப்படியானால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வைத்தியரால் முடியும்.