சிரசுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டேன்

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 63. கணவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். காட்பாடியில் இருக்கிறோம். ஜனவரியில் மகளின் பிரசவத்துக்காக டல்லாஸ் போகிறோம், ஜூலையில்தான் திரும்புவோம். போவதற்குள் சொந்தக்காரர்களை ஒரு சுற்று பார்த்துவிடலாம் என்று இவர் காரை எடுத்தார். வம்பு அங்கே ஆரம்பித்தது.

ஆரணியில் நாத்தனார், "இனிமே நாங்க எல்லாம் உன் கண்ணுக்குத் தெரிவோமா?" என்றார். கிளம்பும்போது அவரே, வாங்கி வர வேண்டிய சாமான் பட்டியலைக் கையில் திணித்தார். ஆம்பூரில் கொழுந்தன் வீட்டில், வெள்ளிக்கிழமை நான் கவிச்சி தொடமாட்டேன் என்று தெரிந்தும் பிரியாணி வாங்கி வைத்திருந்தார்கள். கத்திரிக்காயும் தயிர்ப் பச்சடியும் மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். கடைசியாகக் குடியாத்தம், தம்பி வீடு. தம்பி மனைவி உப்புமா கிண்டி வைத்தாள். அதுகூடப் பரவாயில்லை. "நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க அண்ணி, அத்தையை எப்பவும் நான்தானே பார்த்துக்கறேன்" என்றாள். எவ்வளவு குத்தல் பாருங்கள்! இவரோ இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று வாசலில் ஹாரன் அடிக்கிறார். அம்மாவுக்கு 86 ஆகிறது. ஊர்த் திருவிழாவான கெங்கையம்மன் சிரசுக்கு வந்துடுவியா என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். தம்பி வீடு கட்டியபோது வளையலைக் கழற்றிக் கொடுத்தவள் நான். அதற்கு உப்புமாவும் குத்தல் பேச்சுமா? இரவில் தூக்கமே வருவதில்லை. அவளிடம் நேரடியாகக் கேட்டுவிடலாமா?

ஒரு வாசகி, காட்பாடி

அன்புச் சகோதரி,

வெளிநாடு போகிற யாருக்கும் நாத்தனார் பட்டியல் உண்டு. ஆம்பூர் பிரியாணியும் விமானம் ஏறினால் மறந்துவிடும். இதற்கெல்லாம் தூக்கம் போகாது. சிரசுக்கு வந்துவிடுவேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதமே அந்த ஒரு வரிதான். சிரசு வைகாசி முதல் தேதி, அதாவது மே நடுவில். நீங்கள் வருவது ஜூலையில். திரும்பி வரும்போது அம்மா இருப்பாரா என்ற பயத்தை எழுதக் கை வரவில்லை, அதனால் உப்புமாவைப் பற்றி எழுதிவிட்டீர்கள்.

தம்பி மனைவியின் பேச்சில் குத்தல் இருந்திருக்கலாம். இருந்தாலும் அவர் சொன்னது உண்மைதானே? அம்மாவோடு இரவும் பகலும் இருப்பவர் அவர். வளையலைக் கொடுக்கப் பெரிய மனது வேண்டும், ஆனால் இந்தக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். சிரசு அன்று ஊரே கூட்டத்தில் திணறும்போது, "அவ இன்னும் வரலையா?" என்று அம்மா கேட்பார். யார் பதில் சொல்வது? நீங்கள் சொன்ன பொய்யைச் சமாளிக்கும் வேலையையும் அந்தப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். இதில் கோபம் உங்களுக்கு!

அம்மா மனசு நோகக் கூடாதே என்றுதான் சொன்னேன் என்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹாரன் சத்தத்துக்கு நடுவில் அழாமல் காரில் ஏற உங்களுக்கு அந்தப் பொய் தேவைப்பட்டது. வயதானவர்களுக்கு நாம் நினைப்பதைவிட நெஞ்சுரம் அதிகம். ஜூலை என்று தெரிந்தால் ஜூலைக்குக் காத்திருப்பார். மே மாதம் ஏமாந்தால் அப்புறம் எந்தத் தேதியையும் நம்பமாட்டார்.

இன்னொரு முறை குடியாத்தம் போய் வாருங்கள். காரும் வேண்டாம், கணவரும் வேண்டாம், பஸ்ஸில் போங்கள். நமக்குக் காலை 7 மணி என்றால் டல்லாஸில் முந்தைய நாள் மாலை, அந்த நேரத்தில் தினமும் வீடியோ காலில் வருவதாகச் சொல்லுங்கள். நடுவில் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உங்களுக்காகக் காத்திருப்பார்களா என்று தம்பியிடம் பேசிவிடுங்கள். கேட்க வாய் கூசும்தான், ஆனால் கேட்காமல் போனால் அங்கே ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் பதறுவீர்கள். அமெரிக்க விசிட்டர் விசாவில் வழக்கமாக 6 மாதம் வரை தங்க விடுவார்கள், 6 மாதமும் இருந்தே தீர வேண்டும் என்று இல்லை. ஏப்ரல் கடைசியில் நீங்கள் மட்டும் திரும்ப முடியுமா என்று மகளிடம் கேளுங்கள். முடியாது என்றால் சரி, ஜூலைதான்.

எந்தத் தேதியானாலும் முதலில் தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டு, அப்புறம் அம்மாவிடம் போங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது அம்மாவுக்குப் பதில் சொல்லப்போகிறவர் அவர்தான்.