ஏர்பிரஷ் இல்லாமல் 40 நெக்ரான்கள்
வார்ஹாமர் 40,000 மேசை விளையாட்டில் வரும் எலும்புக்கூடு ரோபோ பொம்மைகளான நெக்ரான் வீரர்கள் 40 பேருக்கு, ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கும் கருவி) இல்லாமல் இரண்டு வாரத்தில் பெயின்ட் அடித்து முடிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும்.

லெட்பெல்ச்சர் என்ற உலோக நிற ஸ்பிரே பெயின்ட்டை நேராக அடியுங்கள். அடிப்பூச்சும் உலோக நிறமும் ஒன்றாகவே வந்துவிடும். காலையில் அடிக்கவே அடிக்காதீர்கள், ஈரக் காற்றில் ஸ்பிரே கெட்டுவிடும். சிங்கப்பூரில் விடியும் முன் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். மழைநாளில் அடித்த என் முதல் பத்தும் மங்கிச் சொரசொரப்பாகிவிட்டன, மனசே ஆறவில்லை.

அப்புறம் நல்ன் ஆயில் என்ற நீர்த்த கறுப்புப் பெயின்ட்டை முழுக்கத் தடவுங்கள். விலா எலும்பு இடுக்குகளில் கறுப்பு தானாக இறங்கும். முழங்காலில் தேங்கினால் காய்வதற்குள் தூரிகையால் ஒற்றி எடுங்கள். நன்றாகக் காய்ந்ததும், பழைய மேக்கப் பிரஷில் வெள்ளிப் பெயின்ட்டைத் தொட்டு, டிஷ்யூவில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, விளிம்புகளில் உரசுங்கள். மண்டையோடு பளிச்சென்று எழுந்து வரும். கண்ணுக்கு ஒரு பச்சைப் புள்ளி போதும்.