மழையில் தளர்ந்த ஜெம்பே: தோலை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: மேற்கு ஆப்பிரிக்க நாடான கினியாவின் தலைநகர் கொனாக்ரியில் பணிபுரிகிறேன். ஜனவரியில் வாங்கிய ஜெம்பே (ஆட்டுத்தோல் போர்த்திய, கையால் தட்டும் மர முழவு), ஆகஸ்டில் 'தொப்' என்று மந்தமாக ஒலிக்கிறது. வாங்கித் தந்த தரகர், தோல் கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். கொனாக்ரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஜூலை, ஆகஸ்டில் கொட்டுகிறது. ஆட்டுத்தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தளர்வதால், விரல்நுனியால் எழுப்பும் கூர்மையான ஓசைதான் முதலில் மழுங்கும். தோலைப் பிடித்திருக்கும் இரும்பு வளையத்தை ஒட்டிய விளிம்பில் கிழிசலோ வெடிப்போ இல்லையென்றால் தோல் நன்றாகவே இருக்கிறது. உடலைச் சுற்றியிருக்கும் நெடுங்கயிறுகளை இரண்டிரண்டாகக் குறுக்கே மாற்றிப் பின்னும் முடிச்சுகளை, பழகிய கைவினைஞர் ஒருவர் இன்னும் சில கூட்டினாலே, இரும்பு வளையம் கீழிறங்கித் தோல் விறைத்துவிடும்.

தரகர் ஏன் மாற்றச் சொல்கிறார்? கைவினைஞரின் கூலியில் அவருக்கும் பங்கிருக்கலாம். தங்கள் ஜெம்பேயின் தடித்த தோலைக் கழற்றி எடுத்துக்கொண்டு மெல்லிய மலிவுத் தோலைப் போர்த்திவிடுவதும் நடக்கிறது. மட்ட மரத்துக்குக் கருஞ்சாயம் பூசி, விரிசலில் மரத்தூளும் பசையும் அடைத்து, ஜெம்பே செய்யப் பெயர்பெற்ற கடின மரமான 'லெங்கே' என்று விற்பவர்களும் தரகர்களில் உண்டு. எழுத்தில் விலையும் கிடையாது, உத்தரவாதமும் கிடையாது. புகார் சொல்லப் போனால் ஒரு மேசை இன்னொரு மேசையைக் காட்டும், அதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும். ஆகவே தரகரை விட்டுவிட்டு, மரம் குடையும் பட்டறைக்கு நேரே சென்று, தங்கள் கண்ணெதிரே முடிச்சைக் கூட்டச் சொல்லுங்கள்.

இதில் ஒரு விலக்கு உண்டு. இதை அவசியம் நினைவில் வையுங்கள். ஈரத் தோலை இப்போதே முழு விறைப்புக்கு இழுத்துவிட்டால், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஹர்மட்டான் வறட்காற்று வீசும்போது அது தானாக மேலும் இறுகி, நள்ளிரவில் யாரும் தொடாமலே பிளந்துவிடக்கூடும். கடலோரத்தில் இருக்கும்வரை ஆபத்து குறைவு; ஆனால் உள்நாட்டில் கங்கானுக்கோ, மாலியின் பமாகோவுக்கோ அந்த மாதங்களில் எடுத்துச் செல்வதானால், புறப்படுமுன் இரண்டு மூன்று முடிச்சுகளை அவிழ்த்துவிட வேண்டும்; திரும்பி வந்தபின், தோல் மீண்டும் தளர்ந்ததை உறுதிசெய்துகொண்டே இறுக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைப்பதும் இதே கேட்டைத்தான் தரும். வாசிக்கும் முன் நெருப்பருகே சற்றுக் காட்டுவது பழைய வழக்கம். அந்த விறைப்பு அன்றைய வாசிப்புக்கு மட்டுமே போதும்.