போர்வையை விடுங்கள், குல்லா போதும்

கேள்வி: எனக்கு மூன்று வயதில் ஒரு மகள், பத்து மாதத்தில் ஒரு மகன். நாத்தனாருக்கு இன்னும் ஏழு வாரத்தில் பிரசவம். பிறக்கப்போகும் குழந்தைக்கு என் கையாலேயே போர்வை பின்னித் தருவதாக வாய் கொடுத்துவிட்டேன். 75 செ.மீ. சதுரம், 165 கண்ணி, அதாவது ஊசியில் 165 வளையம். எனக்கு நேர்ப் பின்னல் மட்டும்தான் தெரியும். ஒரு வரிசைக்கு எட்டு நிமிடம் ஆகிறது. பிள்ளைகள் தூங்கியதும் தினமும் அரை மணி நேரம் உட்காருகிறேன். இரண்டு மாதத்தில் 14 செ.மீ.தான் வந்திருக்கிறது. பெரியவள் ஊசியை உருவுகிறாள், சின்னவன் நூலை வாயில் வைக்கிறான். இப்போதெல்லாம் அந்தப் போர்வையைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. "கடையில் வாங்கிக் கொடுத்தால் ஆகாதா?" என்கிறார் கணவர். போன வருடம் ஒரு தோழியின் குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தேன். அதை ஒரு நாள்கூடப் போட்டதாகத் தெரியவில்லை. இதைக் கேள்விப்பட்டு இன்னும் இரண்டு பேர் "எங்களுக்கும் ஒன்று" என்கிறார்கள். நான் பின்னுவதா, விட்டுவிடுவதா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: பின்னுங்கள். ஆனால் அந்தப் போர்வையை அல்ல, ஒரு குல்லாவை.

கணக்கு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 75 செ.மீ.க்கு 165 கண்ணி என்றால் 10 செ.மீ.க்கு 22 கண்ணி. எல்லா வரிசையும் நேர்ப் பின்னலாகப் போட்டால் உயரத்தில் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரிசை வேண்டும், அதாவது 10 செ.மீ.க்கு 44. நீங்கள் முடித்திருக்கும் 14 செ.மீ.யில் சுமார் 62 வரிசை இருக்கும். இரண்டு மாதத்தில் 62 வரிசை. அரை மணி நேரம் உட்காருகிறேன் என்கிறீர்களே, உட்காருகிறீர்கள்தான், நம்புகிறேன். ஆனால் பின்னுவது ஓர் இரவுக்கு ஒரே வரிசை, எட்டு நிமிடம். மீதி 22 நிமிடம் எங்கே போனது என்று நான் சொல்லட்டுமா? சின்னவன் சிக்கலாக்கிய நூலைப் பிரிப்பதில், 165 இருக்க வேண்டிய இடத்தில் 163 ஏன் இருக்கிறது என்று தேடுவதில், நடுவில் ஓர் அழுகுரல் கேட்டு எழுந்து போய் வருவதில்.

மிச்சம் 268 வரிசை. இதே வேகத்தில் 268 இரவு. போர்வை முடியும்போது நாத்தனாரின் குழந்தைக்கு ஏழு மாதம் ஆகியிருக்கும், உட்கார்ந்து உங்களைப் பார்த்துச் சிரிக்கும். நீங்கள் மெதுவாகப் பின்னுகிறீர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டு சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய பொருளைக் கையில் எடுத்ததுதான் தவறு.

போர்வையை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் ஒரு வருடம் குழந்தை தூங்குமிடத்தில் தளர்வான போர்வை, தலையணை, மெத்தென்ற பொம்மை எதுவுமே இருக்கக் கூடாது என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். முகத்தை மூடி மூச்சை அடைத்துவிடும் ஆபத்து. குல்லாவுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: பிறந்த முதல் சில மணி நேரம் தவிர, வீட்டுக்குள் குழந்தைக்குத் தொப்பி போட வேண்டாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2022 வழிகாட்டுதல். குழந்தையின் உடல் அதிகச் சூட்டைத் தலை வழியாகத்தான் பெரிதும் வெளியேற்றுகிறது. எனவே குல்லா வெளியே போகும்போது போடுவதற்கு, தூக்கத்துக்கு அல்ல. பரிசோடு ஒரு துண்டுக் காகிதத்தில் இதை எழுதி வைத்துவிடுங்கள். அதைப் படித்து யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, அந்தக் குல்லா. உங்களுக்குத் தெரிந்த நேர்ப் பின்னல் ஒன்றே போதும். அதே நூல், அதே ஊசி. 84 கண்ணி ஏற்றுங்கள். அகலம் 38 செ.மீ. வரும். 75 வரிசை போனால் உயரம் 17 செ.மீ. கண்ணிகளை அவிழாதபடி முடித்து, அந்த நீள்சதுரத்தை அகலவாக்கில் இரண்டாக மடியுங்கள். பக்கத்தையும் மேல்புறத்தையும் தைத்துவிடுங்கள். அவ்வளவுதான். கண்ணி குறைப்பது, வட்டமாகப் பின்னுவது எதுவும் கிடையாது. தலையில் போட்டதும் மேலே இரண்டு மூலையும் பூனைக் காது மாதிரி நிமிர்ந்து நிற்கும். இதைப் பார்ப்பவர்கள் நீங்கள் பெரிய கைகாரி என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

84 கண்ணி என்றால் வரிசைக்கு நான்கு நிமிடம்தான். உங்கள் எட்டு நிமிடத்தில் இரண்டு வரிசை முடியும், 75 வரிசைக்கு 38 இரவு. பிரசவத்துக்கு இருப்பது 49. மிச்சமிருக்கும் 11 இரவை உங்கள் வீட்டுக் காய்ச்சலுக்கும் சின்னவனுக்குப் பல் முளைப்பதற்கும் ஒதுக்கி வையுங்கள். அவை வராமல் இருக்கப்போவதில்லை.

ஏன் 38 செ.மீ.? பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு சுமார் 35 செ.மீ. அந்த அளவுக்குப் பின்னினால் சில வாரத்தில் சிறிதாகிவிடும். மூன்று, நான்கு மாதத்தில் தலை 40 செ.மீ.யைத் தாண்டும். பின்னல் இழுத்துக் கொடுக்கும் என்பதால் தலையைவிட இரண்டு மூன்று செ.மீ. குறைவாக இருந்தால்தான் குல்லா நழுவாமல் நிற்கும். பிறந்த அன்றே போட வேண்டும் என்ற ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்கள் தோழியின் ஸ்வெட்டருக்கு என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் இதில் பாதிப் பதில் இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகள் ஐந்து மாத வாக்கில் பிறந்த எடையைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடுகிறார்கள். சின்ன அளவில் பின்னியிருந்தால் பெட்டியைத் திறப்பதற்குள் பருவம் போயிருக்கும். தலை வழியாக மாட்டும் ஸ்வெட்டரா? கழுத்து நிற்காத குழந்தைக்கு அதைப் போட்டுவிட எந்தத் தாய்க்கும் பயமாக இருக்கும். அடுத்த முறை ஸ்வெட்டர் பின்னினால் முன்பக்கம் திறப்பு வையுங்கள். ஆறு மாத அளவில் பின்னி, அந்த ஆறாவது மாதம் குளிர்காலமா கோடையா என்று விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் அவள் போடவில்லை என்றால் போகட்டும். கொடுத்த பிறகு அது அவள் வீட்டுத் துணி. புகைப்படத்தில் தேடாதீர்கள்.

துவைப்பது இன்னொரு சிக்கல். சாதாரண ஆட்டுக் கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடான தண்ணீரில் போட்டு அலசினால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஸ்வெட்டர் சுருங்கிக் கெட்டிப்படும், பிறகு பழைய அளவுக்கு வராது. கைக்குழந்தை வைத்திருப்பவளிடம் "இதைத் தனியாக, கையால், பச்சைத் தண்ணீரில்" என்று சொல்வது பரிசு அல்ல, வேலை. மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளில் போட்டிருக்கும் கம்பளி, பருத்தி நூல், அக்ரிலிக் இவற்றில் ஒன்றை எடுங்கள். அக்ரிலிக்கின் மேல் மட்டும் சூடான இஸ்திரிப் பெட்டி படக் கூடாது, உருகிப் பளபளத்துவிடும். புசுபுசுவென்று முடி பறக்கும் நூல் கைக்குழந்தைக்கு வேண்டாம், மூக்கிலும் வாயிலும் போகும். நூல்கண்டின் லேபிளைக் கிழித்து எறியாமல் பரிசோடு வைத்தால் துவைக்கிற விவரம் அவர்களுக்கும் தெரியும். உங்களிடமும் ஒரு லேபிள் இருக்கட்டும், அதில் சாயத் தொகுதி எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலுக்கான எண்) இருக்கும். நடுவில் நூல் தீர்ந்து வேறு தொகுதியில் வாங்கினால் ஒரே நிறம் என்பார்கள், பின்னிப் பார்த்தால் கோடு போட்டது போல் தெரியும்.

இப்போது என் கதை. என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது இரண்டு நிறத்தில் காலுறை பின்னினேன். வெளியே பார்க்க அழகு. உள்ளே, ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்குத் தாவிய நூல் தளர்வாக ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. ஒரு நாள் மாலை அவன் அழுத அழுகை நிற்கவே இல்லை. பால் கொடுத்தேன், தோளில் போட்டு நடந்தேன், வயிறு தடவினேன். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் உடையெல்லாம் கழற்றினால், காலின் நடுவிரலில் நூல் இரண்டு சுற்றுச் சுற்றி, விரல் நுனி நாவல் பழ நிறத்துக்கு வந்திருந்தது. கத்தரி உள்ளே போகவில்லை, ஊசியால் நெம்பி அறுத்தேன். விரல் பிழைத்தது. இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் ரத்த ஓட்டம் நின்று விரலே போயிருக்கும்.

அதனால் கைக்குழந்தைக்குப் பின்னுகிற எதற்கும் உள்பக்கம்தான் எனக்கு முன்பக்கம். முடித்ததும் உள்ளே வெளியே திருப்பி உங்கள் சுண்டுவிரலால் தடவிப் பாருங்கள். விரல் எங்கேயாவது மாட்டினால் குழந்தையின் விரலும் அங்கே மாட்டும். ஓட்டை ஓட்டையான பூப்பின்னலில் கையுறை, காலுறை வேண்டவே வேண்டாம். நூல் முனைகளைக் குறைந்தது 5 செ.மீ.யாவது பின்னலுக்குள் ஓட்டி, ஒரு முறை எதிர்த் திசையிலும் ஓட்டிவிட்டு வெட்டுங்கள். குல்லாவில் தாடைக்குக் கட்டும் நாடா, தொங்கும் குஞ்சம், ஒட்டு மணி எதுவும் வைக்காதீர்கள். நாடா கழுத்தை இறுக்கும், மணி வாய்க்குள் போகும். பூனைக் காதே போதுமான அலங்காரம்.

உங்கள் வீட்டு இரண்டு வால்களிடமிருந்து பின்னலைக் காப்பாற்ற ஒரு ஜிப் பை வாங்குங்கள். ஊசி, நூல், கத்தரி, தைக்கிற ஊசி எல்லாம் அதற்குள். பை உங்கள் தலைக்கு மேல் ஒரு கொக்கியில். எழுந்து போகும்போது ஊசி முனையில் ஒரு ரப்பர் மூடியோ பென்சில் அழிப்பானோ செருகிவிட்டால் கண்ணி நழுவாது. எஃகு ஊசியைவிட மூங்கில் ஊசி வழுக்காது. பத்து மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் நூல் உருண்டை தரையில் கிடக்கக் கூடாது, கழுத்தில் சுற்றிக்கொள்ள ஒரு நிமிடம் போதும். இதில் மட்டும் சலுகை கிடையாது.

அப்படியும் பெரியவள் ஊசியை உருவிவிட்டாளா? பதறி நூலை இழுக்காதீர்கள், அப்போதுதான் எல்லாம் அவிழும். நேர்ப் பின்னலில் வெறுமனே நிற்கும் கண்ணிகள் தாமாக வேகமாக ஓடாது. துணியை மேசையில் பரப்பி ஒவ்வொரு கண்ணியாக ஊசியில் ஏற்றுங்கள். திரும்பி ஏறிய கண்ணியை அடுத்த வரிசை பின்னும்போது நேராக்கிக்கொள்ளலாம். பத்து வரிசைக்கு ஒரு முறை வேறு நிறத்தில் மெல்லிய நூலொன்றை எல்லாக் கண்ணிக்குள்ளும் ஓட்டி வைத்தீர்களானால், எவ்வளவு அவிழ்ந்தாலும் அந்த நூலோடு நின்றுவிடும்.

அவள் ஊசியை உருவுவது, அம்மா இவ்வளவு ஆசையாகப் பார்க்கிற பொருள் எது என்று தெரிந்துகொள்ளத்தான். அவளுக்கும் ஒரு வேலை கொடுங்கள். முதல் நாள் இரவு எத்தனை வரிசை போட்டீர்களோ, காலையில் அவள் ஒரு தாளில் அத்தனை கோடு போடட்டும். உங்களுக்கும் வரிசை எண்ணுகிற வேலை மிச்சம். ராத்திரி உட்கார்ந்ததும் தாளைப் பார்த்தால் விட்ட இடம் தெரிந்துவிடும்.

கணவர் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை, கடையில் வாங்கியதும் பரிசுதான். உங்களுக்குப் பின்ன ஆசையில்லை என்றால் நான் அவர் பக்கம். ஆனால் கடிதத்தில் எரிச்சல் என்று நீங்கள் எழுதியது போர்வையைப் பற்றித்தான், பின்னலைப் பற்றி இல்லை. "எங்களுக்கும் ஒன்று" என்கிற அந்த இருவருக்கு, சின்னவன் பள்ளிக்கூடம் போகட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குள் அவர்கள் மறந்திருப்பார்கள்.

பின்னிய 14 செ.மீ.யை அவிழ்க்க வேண்டாம். இன்றிரவு புதிதாக எதையும் தொடங்காமல் அந்த 165 கண்ணியையும் முடித்துவிடுங்கள், சுமார் கால் மணி நேரம் ஆகும். 75 செ.மீ. நீளத்தில் ஒரு பட்டை கிடைக்கும். அதைப் பாதியாக மடித்து இரண்டு நீளப் பக்கத்தையும் தைத்தால், ஒரு பக்கம் மட்டும் திறந்த பை. பெரியவளின் பொம்மை கழுத்துவரை உள்ளே போகும். நாளைக் காலை அவள் எழுந்திருக்கும்போது பொம்மை அதற்குள் படுத்திருக்கட்டும்.